தோலோடு போன சரக்கு

மார்ச் 4

தங்கச்சி,

நேற்று நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும். எனக்கு அந்த நாலு வரி போதும்.

நீ அழுதாய். கேட்டால் சளி என்றாய். சரி, சளி என்றே வைத்துக்கொள்வோம். ஜூன் மாதக் கூட்டத்தில் உன் ஆராய்ச்சி நிற்கவில்லை என்றால் ஆய்வகத்தில் உனக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு நான் என்ன சொன்னேன்? "ரொம்ப முடியலேன்னா விட்டுட்டு வா. ஆலையில பருப்புத் தரம் பாக்குற தர அறை காலியாத்தான் கிடக்கு, வந்து உட்காரு" என்றேன். ஒரு அண்ணன் சொல்லக் கூடாத வார்த்தையா இது?

உனக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று முந்திரி உரிக்கும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "வாழ்நாள் பூரா தோல் உரிச்சுக்கிட்டு உட்கார என்னால ஆகாது" என்றாய். சுற்றி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தவர்களில் உன் அண்ணியும் ஒருத்தி. அதைக் கேட்டு, கையிலிருந்த பருப்பை இரண்டாக உடைத்துவிட்டாள். அவள் கையில் பருப்பு உடைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பழசைக் கிளறவில்லை. எனக்குப் படிப்பு வராது, வியாபாரம் வரும். ஆகவே வியாபாரிக்குச் சொல்வது மாதிரிச் சொல். உன் சரக்கு என்ன? வாங்குகிறவர் யார்? போட்டிக்கு நிற்பவர் யார்? எங்கே இடிக்கிறது? புரியும்படி எழுதினால் யோசனை சொல்கிறேன். எழுதாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்; எழுதினால் கொஞ்சம் நல்ல யோசனையாக வரும்.

உன் அண்ணன்

*

மார்ச் 15

அண்ணா,

கிழிக்கவில்லை. கடைசி வரி வரை படித்தேன். தர அறையைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் அடுத்ததைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

நீ கேட்டபடியே சொல்கிறேன்.

உடம்பில் டி செல்கள் என்று ஒரு வகை வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமி புகுந்த செல்லை அழிக்கும். மற்ற அணுக்களை ஏவிவிடும். பெரிய படை. ஆனால் கிருமியே நேரில் வந்து நின்றாலும் அதற்குக் கண் தெரியாது. வேறொரு செல் அந்தக் கிருமியைப் பிய்த்து, ஒரு துண்டைத் தன் மேல் ஏந்தி, "இதோ பார், இதுதான்" என்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் விழிக்கும், பெருகும், பாயும். இந்த முதல் காட்டல் பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் நடக்கிறது. மூளைக்கு வேண்டியது கழுத்துக் கணுக்களில். அங்கிருந்து டி செல்கள் மூளைக்கு வந்து சேர்ந்த பிறகும் யாராவது மறுபடி காட்டினால்தான் வேலையைத் தொடங்குகின்றன.

மூளையில் அப்படிக் காட்டுவது யார்? இதுதான் சண்டை.

மூளைக்குள் மைக்ரோகிளியா என்று காவல் செல்கள் ஏராளம். நீ காவலாளி என்றே வைத்துக்கொள். எங்கள் பேராசிரியர், அந்தக் காவலாளிகளே காட்டுகிறார்கள் என்கிறார். இல்லை, வேறு ஒரு வகை காட்டுகிறது என்பது என் கட்சி. கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருப்பதால் கிளைச் செல் என்று பெயர். எண்ணிக்கையில் மிகக் குறைவு. எலியின் தலையை மண்டையோட்டோடு சேர்த்துச் சீவி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். மூளையின் ஓரத்தில் ஒரு கிளைச் செல் நிற்கிறது. அதைச் சுற்றி டி செல்கள் மொய்க்கின்றன. படமே என்னிடம் இருக்கிறது.

"படம் இருந்தா ஆச்சா? கூட்டம் கூடுற இடத்துலதான் காரியம் நடக்குதுன்னு என்ன நிச்சயம்? செஞ்சு காட்டு" என்கிறார் பேராசிரியர். நியாயமான கேள்வி. கிருமி தொற்றிய எலியின் மூளையை எடுத்து, செல்களைப் பிரித்து, தூங்கும் டி செல்களோடு ஒரே பாத்திரத்தில் விட வேண்டும். டி செல்களுக்கு முன்கூட்டியே ஒரு சாயம் ஏற்றியிருப்போம். அவை விழித்துப் பெருகினால் ஒவ்வொரு தலைமுறையிலும் சாயம் பாதியாக வெளுக்கும். வெளுத்தால் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

என் பாத்திரத்தில் வெளுக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரன் பாத்திரத்தில் வெளுக்கிறது. நாங்கள் அவனை "அவசரம்" என்று கூப்பிடுவோம். பெயரே அவனை முழுக்கச் சொல்லிவிடும். கோட்டில் எப்போதும் தேநீர்க் கறை. அவன் பாத்திரத்திலும் என் பாத்திரத்திலும் காவலாளிகள் ஒரே அளவு. ஆகவே காட்டுவது காவலாளிகள்தான், என் கைதான் செல்களைக் கெடுக்கிறது என்று தீர்ப்பு.

வாங்குகிறவர், ஜூனில் வெளியிலிருந்து வரும் பரிசீலனைக் குழு. சரக்கு, நான் சொல்லும் உண்மை. எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால் உனக்கு ஏன் எழுதுகிறேன்?

தங்கை

*

மார்ச் 27

தங்கச்சி,

உன் கடிதத்தை இரண்டு முறை நான் படித்தேன். மூன்றாவது முறை உன் அண்ணி உரக்கப் படித்தாள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து.

டி செல் என்பது பெரிய கொள்முதல்காரர். கிடங்கே நிறைந்து வழிந்தாலும் ஆள் அசைய மாட்டார். யாராவது சாம்பிளைக் கையில் எடுத்துப் போய் மூக்குக்கு நேரே நீட்டினால்தான் ஆர்டர். ஊரிலிருந்து கிளம்பும்போது ஒரு தடவை, கடைவாசலுக்கு வந்த பிறகு இன்னொரு தடவை. அந்த வாசலில் சாம்பிள் நீட்டுவது வாட்ச்மேனா, வேறு ஆளா என்பதுதான் உங்கள் வழக்கு.

சரியா? இதைக் கேட்ட உன் அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணு முன்னால உப்பு டப்பா இருந்தாலும் நான் எடுத்துக் காட்டினாத்தான் உங்களுக்குத் தெரியுது. அப்ப நீங்களும் டி செல்லுதான்" என்றாள். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து ஆலையில் எனக்கு டி செல் என்று பெயர். லாரி டிரைவர்கூட, "டி செல் ஐயா உள்ள இருக்காரா?" என்று கேட்கிறான். உன் படிப்பால் எனக்குக் கிடைத்த பட்டம்.

இப்போது யோசனை. ஒன்று, அந்த அவசரம் உன் கண்ணில் மண்ணைத் தூவுகிறான். தேநீர்க் கறையோடு திரிகிறவன் கையில் வருவது உன் கையில் வரவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஒரே எலிக் கூண்டு, ஒரே நாள், ஒரே மேசை என்று பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யச் சொல். சாயம் வெளுக்கும்.

இரண்டு, அதுவும் ஆகவில்லை என்றால் பேராசிரியர் சொல்வதற்குத் தலையை ஆட்டிவிடு. கல்லாவுக்கு எதிரே நிற்கிறவரிடம் சண்டை பிடித்து நான் எதுவும் விற்றதில்லை. வாட்ச்மேன்தான் என்று ஒப்புக்கொள். இடம் தங்கும். பிறகு மெதுவாக உன் கட்சியைச் சொல்லிக்கொள்ளலாம்.

தர அறையைப் பற்றி எழுதவில்லை, கவனித்தாயா?

அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணா,

உன் முதல் யோசனையைச் செய்தேன். ஒரே கூண்டு, ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து மேசை. அவசரம் ஏமாற்றவில்லை. கண்கொட்டாமல் பார்த்தேன். மண்டையைத் திறந்தான், கரண்டியால் வழித்தான், பிசிறும் துணுக்குமாக எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு நசுக்கினான். பார்க்கவே குமட்டியது. மூன்றாம் நாள் அவன் பாத்திரத்தில் டி செல்கள் விழித்துப் பெருகிக் கிடந்தன. என் பாத்திரத்தில் அத்தனையும் தூக்கம்.

அது மட்டுமில்லை. நான் கட்சி கட்டி நிற்கிறேனே கிளைச் செல்கள், என் பாத்திரத்தில் தேடினேன். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. படத்தில் கண்ணால் பார்த்தவை பாத்திரத்துக்கு வரவில்லை. "இல்லாத ஆளா காரியம் பண்ணுது?" என்று பேராசிரியர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

என் கை கெட்டது என்கிறார்கள், அண்ணா. என் கை! இந்த ஆய்வகத்திலேயே சுத்தமாக மூளை எடுப்பவள் நான். ஒரு பிசிறு ஒட்டியிருக்காது, ரத்தக் கோடு இருக்காது. வெள்ளை வெளேரென்று முத்து மாதிரி எடுத்து வைப்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் எடுத்த மூளையின் படத்தைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதே கையைப் பார்த்து இப்போது உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

உன் இரண்டாவது யோசனை என்னால் ஆகாது. நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போடவும் தெம்பில்லை. எல்லாரும் போன பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைக்கிறேன்.

தர அறையில் ஜன்னல் இருக்கிறதா?

தங்கை

*

ஏப்ரல் 20

தங்கச்சி,

ஜன்னல் இல்லை. உனக்காக வைக்கவும் மாட்டேன்.

உன் அண்ணி கடைசி வரியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கூப்பிடாதீங்க. இப்ப கூப்பிட்டா வந்துருவா" என்றாள். அவள் சொல்வது சரி. ஜெயித்துவிட்டு வா, ஆலையையே எழுதித் தருகிறேன். தலையைக் குனிந்துகொண்டு வருகிறவளுக்கு இங்கே நாற்காலி கிடையாது. கல்நெஞ்சன் என்று திட்டிக்கொள். திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமில்லையா, அந்தத் தெம்பு வரட்டும்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆலைக் கதை சொல்கிறேன், சிரி.

போன மாதம் பெயிண்ட் மலிவாகக் கிடைத்தது என்று உலர்த்தும் கூடத்துக் கதவு, உரிக்கும் கூடத்துக் கதவு, பொதி கட்டும் அறைக் கதவு மூன்றுக்கும் ஒரே பச்சை அடித்துவிட்டேன். முன்பு ஆளுக்கொரு நிறம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஆள், உலர்த்தி எடுத்த தட்டுகளை உரிக்கும் கூடத்துக்குத் தள்ளாமல் நேரே பொதி அறைக்குத் தள்ளிவிட்டான். அங்கே டின்னில் போட்டு மூடி, லாரியில் ஏற்றி, சரக்கு போயே விட்டது. மேல் தோல் ஒன்றுகூட உரியவில்லை! பழுப்புப் பழுப்பாக, செருப்புத் தோல் மாதிரி.

வாங்கினவர் சாதாரண ஆளில்லை. ஒரு பருப்பில் நகத்தளவு தோல் ஒட்டியிருந்தாலே போன் போட்டுப் பிடித்துக்கொள்கிறவர். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"என்னய்யா அனுப்பியிருக்கே?"

"ஐயா, பெரிய தப்பு நடந்துபோச்சு, திரும்ப எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கிறதா? ஆளு நாலு பேரு உப்புப் போட்டு வறுத்துக்கிட்டு இருக்கான். கடை வாசல்ல கூட்டம். இன்னும் இருக்கா, இல்லியா?"

"தோலோடவா?"

"தோலோடதான்யா. ருசியே அந்தத் தோல்லதான் இருக்கு. இத்தனை வருஷமா அதை உரிச்சுட்டு எனக்கு வெறும் பருப்பையே கொடுத்துக்கிட்டு இருந்திருக்கே நீ!"

என்னைத் திருடன் என்கிறார், கேள். இத்தனை வருஷமாக முந்திரித் தோலை மூட்டை கட்டி, மாட்டுத் தோல் பதனிடுகிறவனுக்குத் துவர்ப்புச் சரக்காகக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன். அதை எடுத்து எறிவதற்கென்றே ஒரு கூடம், நாற்பது பேர், அந்த நாற்பது பேருக்கும் மேலே சுத்தமாக உரிக்கிறவள் என்று பெயர் வாங்கிய என் பெண்டாட்டி. அவளுக்கு அடுத்தபடி நீ. ஏழு வயதிலேயே ஒரு கீறல் விழாமல் உரிப்பாய். உன்னைக் காட்டித்தானே மற்றவர்களைத் திட்டுவேன்.

இனி பாதிச் சரக்கு தோலோடு. கதவுகளுக்கு வேறு வேறு நிறம் அடித்துவிட்டேன்.

சிரித்தாயா?

அண்ணன்

*

ஏப்ரல் 28

அண்ணா,

சிரிக்கவில்லை. நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன்.

மூளைக்கும் தோல் உண்டு. சவ்வு என்போம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. வெளிச்சவ்வு மண்டையோட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்டை ஓட்டைத் திறந்து எடுத்தால் அதோடு கழன்று போய்விடும்; ஓட்டை நாங்கள் தொட்டியில் போடுவோம். மூளையின் மேல் ஒட்டியிருக்கும் மிச்சச் சவ்வை நான் இடுக்கியால் உரித்துவிடுவேன். யாரும் சொல்லித்தரவில்லை. பருப்பில் தோல் இருந்தால் கை தானாகப் போகுமே, அப்படி. அதைத்தான் எல்லாரும் சுத்தம் என்று புகழ்ந்தார்கள். படம் எடுத்து மாட்டினார்கள்.

அவசரம் உரிப்பதில்லை. பொறுமை கிடையாது. ஓட்டில் ஒட்டியதையும் கரண்டியால் சுரண்டி, எல்லாவற்றையும் கிண்ணத்தில் போடுகிறான்.

நான் நுண்ணோக்கிக்குச் சீவிய தலைகளில் மண்டையோடு அப்படியே இருந்தது. சவ்வும் இருந்தது. மூளையின் ஓரத்தில் நிற்கிறது என்று நான் எழுதியதெல்லாம் சவ்வில் நிற்பவை. ஓரம் என்று எழுதினேனே தவிர, அந்த ஓரம் எதுவென்று யோசிக்கவில்லை.

இதெல்லாம் இன்னும் யூகம்தான். யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக அண்ணியிடம்.

தங்கை

*

மே 8

தங்கச்சி,

யாரிடமும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பிரித்ததே உன் அண்ணிதான். அதற்கு நான் என்ன செய்ய? அவள் உரிக்கும் கூடத்துக்கு மட்டும் சொன்னாள். கூடம் வேறு யாருக்கும் சொல்லாது. லாரி டிரைவர் எப்படித் தெரிந்துகொண்டான் என்பது எனக்கு விளங்கவில்லை.

இங்கே ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. "சின்னவ என்ன ஆனா? தோல்லதான் இருக்குதாமா?" என்று காலையில் கதவைத் திறக்கும்போதே கேட்கிறார்கள். மூளைக்குத் தோல் உண்டு என்பதில் மூத்த உரிப்புக்காரி ஒருத்திக்கு மட்டும் முதலில் சந்தேகம்; பிறகு நம்பிவிட்டாள். "அப்ப நம்ம ஐயாவுக்கு அது தடியா இருக்கும்போல" என்றாள். நான் கேட்காதது போல் நடந்துவிட்டேன்.

ஒரு விஷயம் உறுத்துகிறது, ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். தோலோடு போட்டால் டி செல் விழிக்கிறது என்று நீ காட்டினால் அது அந்த அவசரம் ஏற்கெனவே காட்டியதுதான். ஜெயிப்பது அவன். "பார்த்தியா, ஒழுங்கா செஞ்சா வருது" என்று சொல்லிவிடுவார்கள். நீ உரித்த பருப்பு, உரித்து எடுத்த தோல், இரண்டையும் ஒரே மூட்டையிலிருந்து பிரித்து, தனித்தனியாக வைத்துக் காட்ட வேண்டும். அதுவும் நீயே சீட்டு ஒட்டாதே. உன்னை நம்பாதவர் கையாலேயே சீட்டு ஒட்டச் சொல். எந்த டின் எது என்று உனக்கே தெரியக் கூடாது. சந்தேகப்படுகிற ஆளின் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவருக்குச் சந்தேகப்பட இடமே இருக்காது.

பலித்தது என்று சொல். பலிக்கவில்லை என்றாலும் சொல். இந்த நாற்பது பேரிடமும் என்னால் பொய் சொல்லிச் சமாளிக்க முடியாது.

அண்ணன்

*

ஜூன் 12

அண்ணா, அண்ணி, கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும்,

(நீங்கள்தான் எப்படியும் படிக்கப் போகிறீர்களே, நேராகவே எழுதிவிடுகிறேன்.)

ஜெயித்துவிட்டேன்!

முதலில் ஒன்று. அண்ணா, உன் சீட்டு யோசனை வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே பேராசிரியரிடம் போய், "குழாய்க்கு எண் நீங்களே போடுங்க, எது எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க" என்று கேட்டுவிட்டேன். உன் கடிதம் வந்ததும் சிரித்தேன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் வேறு எப்படி யோசிப்போம்?

முழுவதும் சொல்கிறேன். கிருமி தொற்றிய எலிகள். ஒவ்வொன்றிலும் மூளையை நான் உரித்தேன். உரித்த மூளை ஒரு குழாயில். மூளையிலிருந்து உரித்ததும் ஓட்டின் உள்பக்கத்திலிருந்து எடுத்ததுமான சவ்வு இன்னொரு குழாயில். மூன்றாவதில் சவ்விலிருந்து கிளைச் செல்களை மட்டும் பொறுக்கி நீக்கிய மிச்சம். நான்காவதில் அதே மிச்சத்தோடு நீக்கிய கிளைச் செல்களைத் திருப்பிச் சேர்த்தது. பேராசிரியர் எண் போட்டு, எது எது என்ற குறிப்பைத் கூட்ட அறையின் பெரிய மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இதில் தமாஷ், மூளையையும் சவ்வையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிக்க இந்த ஆய்வகத்தில் ஒரு கைதான் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு கெட்டுப்போனது என்று சொன்னார்களே, அந்தக் கை. ஒரே ஒரு எலியை மட்டும் தான் உரித்துப் பார்க்கிறேன் என்று அவசரம் கேட்டு வாங்கினான். அதைப் பற்றி அப்புறம்.

கூட்டத்தன்று பெரிய மேசையைச் சுற்றி வெளியிலிருந்து வந்த குழு. எல்லார் முன்னாலும் கோப்பை நிறையக் காப்பி, ஒருவரும் குடிக்கவில்லை. திரையில் ஒவ்வொரு எண்ணாகச் சாயப் படம் வந்தது. தூக்கம். விழிப்பு. தூக்கம். விழிப்பு. எது எது என்று அந்தக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். பேராசிரியர் சாவியைக் கழற்றி இழுப்பறையைத் திறந்து குறிப்பை எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார்.

குழுத் தலைவர் பொறுமை இழந்து, "சொல்லுங்களேன், காவல் செல்கள் நிறைஞ்ச அந்த உரிச்ச மூளை எது?" என்றார்.

"தூங்குது" என்றார் பேராசிரியர்.

"சவ்வு?"

"முழிச்சிருக்கு."

"கிளைச் செல்லை எடுத்துட்ட சவ்வு?"

"தூங்குது. திருப்பிப் போட்டா முழிக்குது."

பேராசிரியர் குறிப்பை மேசையில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷமா பதிலைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு, நான் கேள்வியைக் கழுவிக் கழுவிப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு குழுவைப் பார்த்து, "என் பேரைக் கடைசியில போடுங்க. முதல் பேரு இவளுது" என்றார். அண்ணா, தான் சொன்னது தப்பு என்று பத்துப் பேர் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்கிற ஒருவரிடம் தலையாட்டிவிடு என்று எனக்கு யோசனை சொன்னாயே!

அவசரம் பின்வரிசையிலிருந்து, "நான் வேணும்னேதான் அழுக்கா செஞ்சேன், மேடம். உண்மை வெளியில வரணும்ல" என்று குழுத் தலைவரைப் பார்த்துச் சொன்னான். அவர் சிரித்ததில் காப்பி கொட்டிவிட்டது.

காவலாளிகளுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன, மறுப்பில்லை. எல்லாக் கிருமிக்கும் இப்படித்தானா என்று இன்னும் பார்க்க வேண்டும். ஆனால் இந்தத் தொற்றில், மூளையின் வாசலில் டி செல்லை எழுப்புகிறவர் யார் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. அங்கே எழுப்பத் தெரிந்துகொண்டால், மூளைக்குள் கிருமி புகுந்தவர்களுக்கு அந்தப் படையைத் தட்டி எழுப்பலாம். வீணாகச் சீறி மூளையையே கடிக்கிற நோய்களில் தட்டிக்கொடுத்துத் தூங்கவும் வைக்கலாம். அதற்காக எனக்கு ஒரு தனி அறை, இரண்டு ஆட்கள், இன்னும் நாலு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றவில்லை. "எதை எறிகிறாய் என்று பார்" என்று அதன் கீழே பேராசிரியர் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

திங்கள்கிழமை முதல் ஆய்வகம் முழுவதற்கும் நான்தான் உரிக்கச் சொல்லித்தருகிறேன். முதல் வரிசையில் பேராசிரியர், கையுறையோடு. பருப்புக்குச் சொல்வது மாதிரியே, வயிற்றுப் பக்கம் அழுத்தக் கூடாது, முனையிலிருந்து தொடங்கணும், தோல்தான் வழி சொல்லும், நாம் இழுக்கக் கூடாது என்று சொன்னேன். சொல்லும்போது அது என் குரலாகவே இல்லை. அண்ணி, அப்படியே உங்கள் குரல்.

வாழ்நாள் பூரா என்னால் ஆகாது என்று எதைச் சொல்லிவிட்டு வந்தேனோ, அதைத்தான் இங்கே செய்துகொண்டிருக்கிறேன். பிடித்திருக்கிறது.

தங்கை

*

ஜூன் 24

தங்கச்சி,

உன் கடிதத்தை உரிக்கும் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று படித்தேன். "ஜெயித்துவிட்டேன்" என்ற இடத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். மேலே படிக்க விடவில்லை. தட்டுகளைத் தட்டினார்கள். பொதி அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று. தோல் எடுத்த மூளை தூங்குகிறது என்று படித்ததும் அந்த மூத்த உரிப்புக்காரி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நானே சிரித்துவிட்டேன்.

அன்றைக்கு அரை நாள் விடுமுறை விட்டேன். சம்பளத்தோடு. நானா என்று நீ கேட்பாய். நான்தான்.

தோலோடு சரக்கு வாங்கினவர் நேரில் வந்தார். அவரிடம் விலை பேசுவதற்கு முன்னால் உன் கதையைச் சொன்னேன். "உங்க தங்கச்சியா?" என்றார். "வேற யாரு? இந்தக் கூடத்துலதான் கையைப் பழக்கினா" என்றேன். டின் மேல் ஒட்டும் சீட்டில் அதையும் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் விற்க மாட்டேன்.

தலையாட்டச் சொன்ன யோசனையைப் பற்றி எழுதியிருந்தாய். என் யோசனைகளில் பாதி உருப்படும். எந்தப் பாதி என்று பார்த்துக்கொள்வது கேட்கிறவர் பொறுப்பு.

உன் அண்ணி கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் போய் ஜன்னலோரம் நின்று படித்தாள். ஜன்னல் எங்கே வந்தது என்று கேட்காதே. தர அறையில் சுவரை உடைத்துப் பெரிதாக ஒன்று வைத்துவிட்டேன். படித்து முடித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்க தங்கச்சி எல்லாத்தையும் எழுதியிருக்கா. முக்கியமானதை எழுதலையே" என்றாள்.

என்ன என்றேன்.

"அந்தத் தோலு எல்லாம் முழுசா வந்துச்சா, உடைசலா வந்துச்சா? கேட்டு எழுதுங்க."

கூடத்தில் நாற்பது பேரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். நானும்தான்.

அண்ணன்

*

ஜூலை 2

அண்ணி,

எல்லாம் முழுசு. ஒன்றே ஒன்று உடைந்தது. அதை உரித்தது அவசரம்.

மாதக் கடைசியில் பத்து நாள் விடுமுறைக்கு வருகிறேன். ஜன்னலோரத்தில் எனக்கு நாற்காலி வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். கூடத்தில் உங்கள் பக்கத்தில் ஒரு மணை போட்டு வையுங்கள். ஒரு தட்டு நிறைய, தோலோடு.

உங்கள் சின்னவள்